எங்க தாத்தா பேரு கேள்விக்குறி

1

ஜூன் மாதம் வந்தால் எனக்குப் பிறந்தநாள் வந்துவிடும். நான் பிறந்தது என்னவோ அடைமழைக் காலத்தில்தானாம். நெய்வேலி டவுன்ஷிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது, ஹெட்மாஸ்டர் என் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். உடனே ஜூனில் ஒரு தேதியைப் போட்டு என்னை இரண்டாம் தடவை பெற்றெடுத்தார். என் வகுப்பில் பாதிப் பேருக்கு அவர்தான் பிரசவம் பார்த்தவர். ஸ்காட்லாந்துக்கு வந்த பிறகும் பாஸ்போர்ட், பென்ஷன், கேக் எல்லாம் எனக்கு அந்தத் தேதியில்தான்.

இந்த வருஷம் கேக் வெட்டும்போது சம்பந்தி ஆலன் ஒரு நீளமான காகிதச் சுருளோடு வந்தார். ஆலன் என் மாப்பிள்ளை ஈவனின் அப்பா, பேங்க் மேனேஜராக இருந்து ரிடையர் ஆனவர். இந்த ஊரில் ரிடையர் ஆனவர்களைப் பிடிக்கும் வியாதி இரண்டு. ஒன்று தோட்டம், இன்னொன்று வம்ச வரலாறு. ஆலனுக்குத் தோட்டத்தில் குனிந்து முதுகு பிடித்துக்கொண்டதால் இரண்டாவது முற்றிவிட்டது.

சுருளைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தார். எங்கள் பேத்தி ஐலாவின் வம்ச மரம். அடுத்த மாதம் அவளுக்கு முதல் பிறந்தநாள். அன்றைக்குக் கண்ணாடி போட்டு அவள் அறையில் மாட்டப் போகிறார்களாம். இடது பக்கம் முழுக்க ஆலனின் ஆட்கள். ஜான், வில்லியம், ஜேனட், இசபெல், மறுபடி ஜான், மறுபடி வில்லியம் என்று காகிதத்தின் விளிம்பு வரைக்கும் கிளை விட்டிருந்தார்கள். வலது பக்கம் நாங்கள். என் மனைவி சுகந்தி திருநெல்வேலிக்காரி. அவள் பக்கத்தில் பாட்டன், பூட்டன் எல்லாம் பந்தியில் உட்கார்ந்த மாதிரி வரிசையாக இருந்தார்கள். என் பக்கத்தில் நான். எனக்கு மேலே என் அப்பா முருகேசன், பெயருக்குக் கீழே 'மைனிங் இன்ஜினியர்'. அவருக்கு மேலே ஒரு பெரிய கேள்விக்குறி.

"அந்த ஒரு இடம்தான் காலி, காசி. உங்க தாத்தா பேரு என்ன?"

எனக்குத் தெரியவில்லை. அறுபது வயதை எட்டிய ஆள், சொந்தத் தாத்தாவின் பெயர் தெரியாமல் வாயில் கேக்கோடு நின்றேன்.

"அவர் எக்ஸ்பயர் ஆகி ரொம்ப நாளாச்சு" என்று ஆங்கிலத்தில் சமாளித்தேன். இங்கே எக்ஸ்பயர் ஆவது பாலும் ரொட்டியும்தான் என்பது இத்தனை வருஷம் கழித்தும் என் நாக்குக்கு ஏறவில்லை. மகள் யாழினி "அப்பா, ப்ளீஸ்" என்று பல்லைக் கடித்தாள். அவளுக்குத் தமிழே பாதிதான் வரும், ஆனால் என் ஆங்கிலத்துக்கு மட்டும் முழுசாக வெட்கப்படுவாள்.

ஆலனுக்கு அடுத்த சந்தேகம். "உங்க அக்காவும் நீங்களும் நாலு மாச இடைவெளியில பிறந்ததா இருக்கே?" அக்காவுக்கும் அதே ஹெட்மாஸ்டர்தான். அந்தக் கதையை நான் சொல்லி முடிப்பதற்குள் கேக் தீர்ந்துவிட்டது.

ஐலாவுக்கு இப்போது பல் முளைக்கிறது. நாளைக்கு எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அவளுடைய தாத்தனுக்குத் தாத்தன் ஒரு கேள்விக்குறி என்று சுவரைப் பார்த்துப் படிப்பாள். எனக்கு அது தாங்கவில்லை. கண்ணாடி போடுவதற்குள் அந்த இடத்தில் ஒரு பெயர் ஏறியாக வேண்டும்.

2

அந்த இன்ஜினியர் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். செத்த பிறகு ப்ரமோஷன் வாங்கியவர் எங்கப்பா. வாங்கிக் கொடுத்தவள் சுகந்தி. எங்களுடையது டவுன்ஷிப் காதல். அவள் அப்பா ஆபீசர். எங்கள் குவார்ட்டர்ஸ் எந்த பிளாக் என்று சொன்னாலே எங்கப்பா என்ன கிரேடு, நாங்கள் யார் என்பதெல்லாம் அவர்களுக்கு விளங்கிவிடும். விளங்கி, அவள் வீட்டில் நடந்த ரகளையை நெய்வேலியே வேடிக்கை பார்த்தது. அதை இன்னொரு தரம் பார்க்கத் தெம்பில்லாமல்தான், யாழினி கல்யாணத்தில் ஆலன் "மாமனார் என்ன வேலை?" என்று கேட்டதும், சுகந்தி கண் இமைக்காமல் அவரை இன்ஜினியர் ஆக்கினாள். ஆஸ்பத்திரியில் பாய்லர் பார்த்த என்னை மட்டும் ஏனோ அப்படியே விட்டுவிட்டாள்.

எங்கள் ஆட்களுக்கு நிலம் கிடையாது. அப்பா சின்ன வயதிலேயே ஒரு பண்ணை வீட்டில் மாடு மேய்க்க விடப்பட்டவர். கூலி கிடையாது, கூழ் உண்டு. பெற்றவர் வாங்கிய கடனுக்குப் பிள்ளை அங்கேயே கிடக்க வேண்டும். அப்புறம் பழுப்பு நிலக்கரி எடுக்கச் சுரங்கம் வந்தது. நிலம் போனவர்கள் அழுதார்கள், நியாயம்தான். நிலமே இல்லாதவன் எதைச் சொல்லி அழுவான்? எங்கப்பா மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, மண்வெட்டியோடு போய் வரிசையில் நின்றார். பிறகு சுரங்கம் எங்கள் தெருவையும் சுடுகாட்டையும் சேர்த்துத்தான் தின்றது. அதற்காகவும் அவர் கண்ணீர் விட்டு நான் பார்த்ததில்லை.

முதலில் கான்ட்ராக்ட். ஆள் சேர்த்த மேஸ்திரி அந்தப் பண்ணைக்கு வேண்டியவர். எங்கள் ஆட்களைப் பண்ணையின் பெயரால்தான் அவருக்கு அடையாளம் தெரியும். அதனால் எல்லாருக்கும் பண்ணையாரின் இனிஷியலையே போட்டு எழுதிக்கொண்டார். ர. முருகேசன். அப்பா பர்மனென்ட் ஆனபோது அந்த 'ர'வும் கூடவே பர்மனென்ட் ஆகிவிட்டது. பிற்பாடு விஷயம் தெரிந்து நான் குதித்தபோது, "வுடுடா, சம்பளம் யார் இனிஷியல்ல வந்தா இன்னா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போதும் வரவில்லை.

ஆக, எங்கள் ஊர்க் காகிதங்களில் தேடினால் என் தாத்தா இருக்க வேண்டிய இடத்தில் அந்தப் பண்ணையார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். அதற்கு அந்தக் கேள்விக்குறியே மேல்.

3

அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். அக்கா மேல்பட்டாம்பாக்கத்தில் இருக்கிறாள். அடுத்தாற்போல நெல்லிக்குப்பம், சர்க்கரை ஆலை ஊர். சின்ன வயதில் அங்கே எங்கள் சித்தி வீட்டுக்கு அம்மா பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போவாள். அம்மா அந்த ஊரைச் 'சக்கரை ஊரு' என்றுதான் சொல்லுவாள். கண்டக்டரிடமும் அப்படியே கேட்டு டிக்கெட் வாங்குவாள்.

"தாத்தா பேரா? இன்னாடா, வெள்ளக்கார சீமையில குந்திக்கினு செத்தவங்க பேரைக் கேட்டுக்கினு இருக்க? வேல வெட்டி இல்லியா?"

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நாம பொறக்கறதுக்கு முன்னாடியே பூட்டாரு. அப்பா 'எங்கப்பன்'னு சொல்லும். அம்மா 'பெரியவரு'ன்னு சொல்லும். மத்தவங்களும் பெரியவருதான். பேரு சொல்லி யாரு கூப்டாங்க?"

"ஊர்ல யாரையாவது கேளேன்."

"எந்த ஊர்ல? ஊரு இருந்த எடத்துல பெரிய பெரிய மெஷினு மண்ணை வாரிக்கினு இருக்குது. அதைப் போயி கேக்கவா?" என்றாள் அக்கா. அப்புறம், "பேத்திக்கு மொட்டை எப்ப?" என்று ஆரம்பித்துவிட்டாள். யாழினி வீட்டில் மொட்டையும் கிடையாது, காதுகுத்தும் கிடையாது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. சிக்னல் போய்விட்டதாக நடித்து வைத்தேன்.

4

"நீங்களும் வாங்க காசி, எப்படித் தேடறதுன்னாவது பாத்துக்கலாம்" என்று ஆலன் என்னை எடின்பரோவுக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். அங்கே பழைய சர்ச் பதிவுகளைப் பார்க்க ஒரு பெரிய கட்டடம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சர்க்காருக்குப் பிறப்பு இறப்புக் கணக்கெல்லாம் கிடையாது. ஒவ்வோர் ஊர்ச் சர்ச்சிலும் ஞானஸ்நானம், கல்யாண அறிவிப்பு, சாவு என்று எழுதி வைத்ததுதான் எல்லாம்.

உள்ளே பேனா கூடாது, பென்சில்தான். பை கூடாது. தண்ணீர் கூடாது. எங்கப்பா செத்தபோது வாரிசு சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸுக்கு நான் நடந்தது ஞாபகம் வந்தது. அங்கே பேனா கொண்டு போகலாம், அது திரும்பி வராது. இங்கே ஓர் அம்மாள் புன்னகையோடு எங்களை உட்கார வைத்துக் கம்ப்யூட்டர் திரையில் பழைய பக்கங்களைக் காட்டினார். எவ்வளவு மரியாதை! எனக்குச் சந்தேகமாகக்கூட இருந்தது.

சும்மா சொல்லக் கூடாது, படிக்கப் படிக்க சுவாரசியம். சர்ச் பெரியவர்கள் கூடிப் பஞ்சாயத்து பண்ணியதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை குடித்துவிட்டுச் சண்டை போட்டவன், கல்யாணத்துக்கு முன்னே பிள்ளை பெற்றவள், எல்லாரையும் சர்ச்சில் முன்னால் ஒரு முக்காலியில் உட்கார வைத்து ஊரே பார்க்கத் திட்டியிருக்கிறார்கள். சவப்பெட்டி மேல் போர்த்தும் கறுப்புத் துணியை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதிலும் நல்ல துணி, சுமார் துணி என்று இரண்டு தரம். பல பேர் செத்ததற்கு அந்தத் துணி வாடகைதான் சாட்சி. எங்கள் ஊர்தான் இப்படி என்று இத்தனை நாள் தலை குனிந்திருந்தேனே!

ஆலனின் முப்பாட்டனுக்கு அப்பன் ஜான் வரைக்கும் ஏற்கெனவே கிடைத்தாயிற்று. அந்த ஜானின் அப்பா ஒரு பிரபு வீட்டு வாரிசு என்று அவர்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு. அதை உறுதிப்படுத்தத்தான் வந்திருந்தார். ஜானின் ஞானஸ்நானத்தைத் தேடினால், ஒரே தகப்பனுக்கு ஜான், மறுபடி ஜான், மூன்றாவதும் ஜான். ரேஷன் கார்டில் ஒரே பெயரை இரண்டு தடவை அடிக்கிற கிளார்க் இங்கேயும் இருந்திருக்கிறான் என்று நினைத்து, "தப்பா எழுதியிருக்கான்" என்றேன்.

"தப்பில்ல. முதல் ரெண்டும் செத்துப்போச்சு" என்றார் ஆலன். "மூத்த பையனுக்குத் தாத்தா பேரைத்தான் வைக்கணும். குழந்தை செத்தா அடுத்ததுக்கு அதே பேரு. யாராவது ஒருத்தன் பிழைக்கிற வரைக்கும்."

தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது எங்களுக்குத்தான் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஆலன் மூன்றாவது ஜானின் வரியில் விரல் வைத்து நிறுத்தினார். தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் தொழில் எழுதியிருந்தது. பிரபுவும் இல்லை, பிரபுவின் வாரிசும் இல்லை. நிலக்கரி வெட்டுகிறவன்.

அந்த அம்மாள் எங்கள் முகத்தைப் பார்த்து அருகில் வந்தார். அந்தக் காலத்து நிலக்கரித் தொழிலாளிகள் சுரங்கத்தோடு பிணைக்கப்பட்ட ஆட்களாம். சுரங்கம் கைமாறினால் அவர்களும் கைமாறுவார்களாம். ஓடிப்போனால் பிடித்து இழுத்து வரலாமாம். பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடக்கும்போது முதலாளி தகப்பன் கையில் ஏதாவது அன்பளிப்பு கொடுப்பாராம். வாங்கிக்கொண்டால் அந்தப் பிள்ளையும் சுரங்கத்துக்குத்தான். அவர் புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

உண்மையைச் சொல்கிறேன், பிரபு வம்சம் கவிழ்ந்ததும் எனக்கு உள்ளுக்குள் ஒரு குத்தாட்டமே நடந்தது. இத்தனை வருஷம் அந்தப் பிரபுவைக் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் கேட்டு என் காது புளித்திருந்தது. ஆனால் ஆலன் முகத்தைப் பார்த்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. மனுஷன் ரயிலில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"தொழிலை எழுத வேணாம். வெறும் பேரோட விட்டுடலாம்" என்றார் கடைசியில்.

"ஆலன், எங்கப்பா இன்ஜினியர் இல்ல" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். பண்ணை, மாடு, கூழ், மேஸ்திரி, இனிஷியல் எல்லாவற்றையும் சொன்னேன். பாலத்தின் மேல் ரயில் போனது, கடல் தெரிந்தது, நான் நிறுத்தவில்லை. பெற்றவன் கையில் காசைக் கொடுத்துப் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும் வித்தை எங்கள் ஊரிலும் உண்டு, அதற்குச் சர்ச் தேவைப்படவில்லை என்றேன்.

 "எங்க ஆளுக்காவது அவன் பேரையே எழுதியிருக்காங்க" என்றார் ஆலன். அவர் சொன்னது உண்மை. 

5

எங்கள் தெருவில் ஒவ்வொரு குப்பைக்கும் ஒரு நிறத்தில் தொட்டி. காகிதத்துக்கு நீலம், தோட்டத்துக் கழிவுக்குப் பழுப்பு, இன்னும் என்னென்னவோ. எந்த வாரம் எந்தத் தொட்டி என்று கவுன்சில் கொடுத்த அட்டவணையை மனப்பாடம் செய்தவர்களுக்குத்தான் இந்த நாட்டில் குடியுரிமை கொடுக்க வேண்டும். மாற்றி வைத்தால் அள்ள மாட்டார்கள், ஒரு ஸ்டிக்கர் ஒட்டித் திட்டிவிட்டுப் போவார்கள்.

எடின்பரோ போய் வந்த அந்த வாரம் சுகந்தி அடுப்படியிலிருந்து கத்தினாள். "ஏங்க, நாளைக்குக் குப்பை. வெளியே வெச்சீங்களா?"

நான் தொட்டியைப் பிடித்தபடி வாசலில் நின்றுவிட்டேன். அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் அம்மா வாயால் நான் கேட்டதே இல்லை. அம்மாவுக்கு அது 'கூளம்'. டவுன்ஷிப்பில் வருகிற குப்பை வண்டி, 'கூள வண்டி'. முதல் வகுப்பில் நானும் 'கூளம்' என்று சொல்லி, எல்லா மாவட்டத்துப் பிள்ளைகளிடமும் கேலி வாங்கியிருக்கிறேன். குப்பை கூளம். நெல்லிக்குப்பம் சக்கரை ஊர்.

மறுபடி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அம்மா குப்பைன்னு சொல்லுமா?"

"சொல்லாது. கூளம்னுதான் சொல்லும்."

"நெல்லிக்குப்பத்தை?"

"சக்கரை ஊருன்னு. ஏன்டா?"

"ஏன் அப்படிச் சொல்லும்?"

"அதுவா, மாமனார் பேரு வாயில வரக் கூடாதுன்னு..." அக்கா அப்படியே நின்றுவிட்டாள். அப்புறம் "அய்யய்யோ, தம்பீ!" என்று கத்தினாள். அங்கே பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்திருப்பார்கள். "குப்பன்டா! நம்ம தாத்தா பேரு குப்பன்!"

மாமனார் பெயரை மருமகள் உச்சரிக்கக் கூடாது. அந்தப் பெயர் ஒலிக்கிற வேறு சொல்லையும் உச்சரிக்கக் கூடாது. அவர் செத்த பிறகும் கூடாது. எங்கம்மா சாகிற வரைக்கும் சொல்லவில்லை. நாங்கள் அதை அம்மாவுடைய பேச்சு வழக்கு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"குப்புசாமியா இருக்குமோ?" என்றேன்.

"நம்ம ஆளுங்களுக்கு அந்தக் காலத்துல சாமின்னு பேரு வெக்க வுட்டாங்களா? குப்பந்தான்" என்றாள் அக்கா. "முன்னாடி பொறந்ததுலாம் தங்கியிருக்காது. இதையாவது எமன் வுட்டுட்டுப் போவட்டும்னு குப்பையில போட்டு எடுத்து, அந்தப் பேரை வெச்சிருப்பாங்க." சொல்லும்போதே அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திக்கொண்டு, "மொட்டை எப்படா?" என்றாள்.

வேண்டாதவர்களை எல்லாம் குப்பன், சுப்பன் என்று ஏளனமாகச் சொல்கிறார்களே, ஊரில் அப்படி எத்தனை தடவை நானே சொல்லியிருப்பேன்! அந்தக் குப்பன் என் தாத்தா. அன்றைக்கு வாசலில் நீலத் தொட்டியைக் கட்டிக்கொண்டு நான் அழுததை எதிர்வீட்டுக் கிழவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். குப்பை அள்ளுவதில் அவ்வளவு சிரமம் என்று நினைத்திருப்பார்.

6

சுகந்திதான் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. "ரயில்ல வெச்சு மானத்தை வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள். "என் மாமனாரை நான் எதுக்கு இன்ஜினியர் ஆக்கினேன்? எங்கப்பா அவரை வாசல்ல நிக்க வெச்சுப் பேசினதை நான் பாத்துக்கிட்டு நின்னேன். அது மாதிரி இன்னொருத்தர் பேசிடக் கூடாதுன்னுதான்."  அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், உதறவில்லை.

ஐலாவின் பிறந்தநாள் அன்று ஆலன் புது மரத்தோடு வந்தார். இடது பக்கத்தின் உச்சியில் 'நிலக்கரி வெட்டுகிறவர், சுரங்கத்தோடு பிணைக்கப்பட்டவர்' என்று தெளிவாக இருந்தது. ஈவனின் அத்தை அதைப் படித்துவிட்டுக் கையிலிருந்த ஒயினைக் கீழே வைத்தாள். வலது பக்கம் கேள்விக்குறி இருந்த இடத்தில் குப்பன். பேருக்கு என்ன அர்த்தம் என்று யாழினி கேட்டாள். சொன்னேன்.

"எங்க ஆளுங்க செத்த பிள்ளையோட பேரையே திரும்பத் திரும்ப வெச்சாங்க. உங்க ஆளுங்க எமனுக்குப் பிடிக்காத பேரா வெச்சிருக்காங்க" என்றார் ஆலன். "உங்களுக்கு ஒரே தடவையில வேலை முடிஞ்சிடுச்சு."

எங்கப்பா பெயருக்குக் கீழே மட்டும் காலியாக விட்டிருந்தார். "இங்க என்ன எழுதட்டும்?" என்று அவர் கேட்டது என்னைப் பார்த்து அல்ல, சுகந்தியைப் பார்த்து. அவள் பேனாவை வாங்கி, யோசித்து, ஆங்கிலத்தில் 'பர்மனென்ட்' என்று எழுதினாள்.

"அம்மா, பர்மனென்ட்னா என்ன வேலை?" என்றாள் யாழினி.

"அதான்டி வேலை" என்றாள் சுகந்தி.

மரம் இப்போது ஐலாவின் அறையில் தொங்குகிறது. யாழினி அவளைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் காட்டுகிறாள். 'ப்' அழுத்தம் வராமல் 'குபன்' என்கிறாள். பரவாயில்லை, வாயில் வருகிறதே.

பிறந்தநாள் முடிந்து அன்றைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து, கோட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் பழுப்புத் தொட்டி. சுகந்தி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"ஏங்க, கூளத்தை வெளியே வெச்சீங்களா?"